67 ஆசியா: மதராஸில் பிடிபட்ட சிறுகோள்

சென்னையில் இருந்துகொண்டு ஐந்து சிறுகோள்களை, அதாவது சூரியனைச் சுற்றும் பாறைகளை, கண்டுபிடித்திருக்கிறார் ஒருவர். வடசென்னையின் வியாசர்பாடியில் நான் கணக்குச் சொல்லித்தரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சட்டென்று நம்புவதில்லை. "எங்கண்ணா, பிர்லா கோளரங்கத்துலயா?" என்று கேட்பார்கள். இல்லை. நுங்கம்பாக்கத்தில், கல்லூரிச் சாலையில் இப்போது வானிலை மையம் இருக்கிற வளாகத்தில். அதுவும் பிர்லா கோளரங்கம் வருவதற்கு நூறு வருடத்துக்கு முன்னால். "பெருமையெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானா?" என்று ஒரு பையன் முனகினான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான இரண்டு பொருள்கள், கிழக்கே தடையில்லாத கடலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் ரயில்களும், வடசென்னையில் தாராளமாகக் கிடைக்கும்.

அந்த ஐந்தில் முதலாவதுக்குப் பெயர் 67 ஆசியா. 1861 ஏப்ரல் 17 அன்று மதராஸ் வானாய்வகத்தில் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் ராபர்ட் போக்சன் கண்டது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அந்தப் பெயர். முன்னால் நிற்கும் 67 வரிசை எண்.

கண்டுபிடிப்பு என்றதும் நமக்குத் தோன்றும் படம் ஒன்று உண்டு. ஒருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார், புதிதாக ஒரு புள்ளி தெரிந்தது, முடிந்தது கதை. உண்மையில் அது பாதி வேலைகூட இல்லை. அந்தப் புள்ளி அடுத்த மாதம் எங்கே இருக்கும், பத்து வருடம் கழித்து எங்கே இருக்கும் என்று சொல்ல முடிந்தால்தான் அது கண்டுபிடிப்பு. சொல்ல முடியாவிட்டால், பார்த்துவிட்டுத் தொலைத்தோம் என்றுதான் அர்த்தம். அப்படித் தொலைந்தவையும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

அது எங்கே இருக்கிறது?

சூரியனிலிருந்து பூமிக்கு உள்ள சராசரித் தூரம் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர். இதை ஒரு வானியல் அலகு என்பார்கள். இந்த அலகில் செவ்வாய் சுமார் 1.5 தூரத்தில் சுற்றுகிறது, வியாழன் 5.2 தூரத்தில். நடுவில் பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில், பெரும்பாலும் 2.1 முதல் 3.3 வரையான தூரத்துக்குள், லட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றுகின்றன. இதுதான் முதன்மைச் சிறுகோள் பட்டை. ஆசியாவின் சராசரித் தூரம் 2.42 அலகு. அகலம் சுமார் 58 கிலோமீட்டர். அதன் ஒரு முனையை எண்ணூரில் வைத்தால் மறுமுனை கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரத்தை நெருங்கிவிடும்.

சினிமாவில் காட்டுவதுபோல அங்கே கற்கள் நெருக்கியடித்துக்கொண்டு இல்லை. பட்டையில் உள்ள எல்லாவற்றையும் திரட்டி ஒரே உருண்டையாக்கினாலும் நம் நிலாவின் எடையில் 3 சதவீதம் வந்தால் பெரிது. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீரிஸ் என்ற ஒன்றே எடுத்துக்கொள்கிறது. மீதி அத்தனையும் கோடிக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கிறது. 1970களில் பயனியர் 10 விண்கலம் முதன்முதலாக அதைக் கடந்து போனபோது எதன் மேலும் மோதவில்லை. அதற்குப் பிறகு போன கலங்களும் அப்படியே.

ஒரு கோள் வெடித்துச் சிதறியதால் வந்தவை இவை என்று இன்னும் சிலர் சொல்வதைக் கேட்கிறேன். பழைய ஊகம் அது. இப்போது உள்ள புரிதல் வேறு: அங்கே ஒரு கோள் உருவாகவே இல்லை. பக்கத்தில் இருந்த வியாழனின் ஈர்ப்பு அந்தப் பாறைகளின் வேகத்தைக் கிளறிவிட்டதால் அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சேர முடியாமல் மோதி உடைந்துகொண்டே இருந்தன.

"தலையில விழுமாண்ணா?" என்ற கேள்வி எப்போதும் வரும். ஆசியாவைப் பொறுத்தவரை விழாது. அதன் பாதை சூரியனுக்கு மிக அருகில் வரும் இடமே 1.97 அலகுதான். பூமியோ 1.02 அலகைத் தாண்டி வெளியே போவதில்லை. ஆக எவ்வளவு நெருங்கினாலும் நடுவில் 14 கோடி கிலோமீட்டர் இருக்கும். அது நிலாவின் தூரத்தைப்போல 360 மடங்குக்கு மேல்.

பார்ப்பதற்கு நல்ல நேரம்

தொலைநோக்கியில் சிறுகோள் வெறும் புள்ளி. நட்சத்திரமும் புள்ளி. போக்சன் காலத்துக் கருவிகளில் இரண்டையும் உருவத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. ஒரே வித்தியாசம், நட்சத்திரம் நகராது, சிறுகோள் நகரும். எனவே வேலை இதுதான்: வானத்தின் ஒரு சிறு பகுதிக்கு மங்கலான நட்சத்திரங்கள் வரை குறித்த வரைபடம் ஒன்று வேண்டும். அதையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஏதாவது வானத்தில் தெரிந்தால், அதைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ மறுபடி பார்க்க வேண்டும். இடம் மாறியிருந்தால் ஆள் சிக்கிவிட்டது.

பொறுமை கேட்கும் வேலை. மதராஸ் ஐந்தையும் கண்ட தேதிகளைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஆசியா 1861 ஏப்ரல் 17, சப்போ 1864 மே 2, சில்வியா 1866 மே 16, கமிலா 1868 நவம்பர் 17, வேரா 1885 பிப்ரவரி 6. ஐந்தில் மூன்று ஏப்ரல், மே மாதங்களில். சில்வியா சரியாகக் கத்திரி வெயில் நாட்களில். மின்விசிறி இல்லாத காலத்தில் மே மாத இரவில் வியர்த்து வழிய ஒரு மனிதர் கண்ணைச் சுருக்கிப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் இங்கே மேகம் குறைவு, அதுதான் கிடைத்த லாபம். நவம்பரில் ஒன்றைப் பிடித்தது எனக்கு இன்றும் ஆச்சரியம், வடகிழக்குப் பருவமழை ஏதோ ஓர் இரவு கருணை காட்டியிருக்கிறது.

வருடம் முழுவதும் எல்லாச் சிறுகோளும் நன்றாகத் தெரிவதில்லை. சூரியன், பூமி, சிறுகோள் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில், பூமி நடுவில் இருக்கும்படி அமையும் சமயத்தில்தான் அது நமக்கு மிக அருகில் இருக்கும், பிரகாசமாகவும் இருக்கும். இதற்கு எதிரமைவு என்று பெயர். பௌர்ணமி நிலாவும் இதே அமைப்புதான். திருவொற்றியூர் கடற்கரையில் பௌர்ணமி அன்று நின்றால், முதுகுப் பக்கம் ஊருக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது முன்னால் கடலிலிருந்து நிலா எழும். எதிரமைவில் உள்ள சிறுகோளும் அப்படித்தான், சாயங்காலம் கடலிலிருந்து எழுந்து, நடு இரவில் உச்சியில் நின்று, விடியும்போது மேற்கே இறங்கும். இரவு முழுக்கக் கைக்குள் இருக்கும். கண்ணுக்குத்தான் தெரியாது.

எதிரமைவில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். சிறுகோள் பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும். சென்ட்ரலிலிருந்து கிளம்பி பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது நீங்கள் இருக்கும் விரைவு வண்டி, பக்கத்துத் தண்டவாளத்தில் அதே திசையில் மெதுவாகப் போகும் மின்சார ரயிலை முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் வழியே பார்த்தால் தூரத்துக் கட்டடங்களுக்கு முன்னால் அந்த ரயில் பின்னால் நழுவுவதாகத் தோன்றும். உண்மையில் இரண்டும் முன்னேதான் போகின்றன. பூமி நொடிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ஆசியா சராசரியாக 19 கிலோமீட்டர். பூமி உள்வட்டத்தில் முந்தும்போது ஆசியா நட்சத்திரங்களுக்கு முன்னால் நாளுக்குக் கால் பாகை அளவு பின்னால் நகரும். முழு நிலாவின் அகலத்தில் பாதி. பஞ்சாங்கத்தில் செவ்வாய் வக்ரம், சனி வக்ரம் என்று போடுவது இதே காட்சியைத்தான். அதில் பயப்பட ஒன்றுமில்லை, முந்துகிறோம், அவ்வளவுதான்.

இந்தக் கால் பாகை முக்கியம். நகர்வின் வேகத்தை வைத்தே தூரத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். எதிரமைவில் வேகமாக நகர்ந்தால் பக்கத்தில், மெதுவாக நகர்ந்தால் தொலைவில். அனுபவசாலி ஒருவர் முதல் சில நாள் அளவைப் பார்த்ததுமே இது பட்டையைச் சேர்ந்ததா இல்லையா என்று ஊகித்துவிடுவார்.

எவ்வளவு மங்கல்?

போக்சன் பெயரை வானியல் மாணவர்கள் எல்லோரும் படித்தாக வேண்டும். அதற்குக் காரணம் சிறுகோள்கள் அல்ல. மதராஸுக்கு வருவதற்கு முன்பே, 1856 இல், நட்சத்திரப் பிரகாசத்துக்கு அவர் ஓர் ஒழுங்கான அளவுகோல் சொன்னார். இந்தப் பொலிவு எண் கூடக் கூட மங்கல், ஐந்து எண் வித்தியாசம் என்றால் சரியாக நூறு மடங்கு. ஓர் எண்ணுக்கு சுமார் 2.512 மடங்கு வரும். இன்றுவரை உலகமே இதைத்தான் பயன்படுத்துகிறது.

நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கு 6 ஆம் எண் வரை தெரியும். ஆசியா சாதாரண எதிரமைவில் 11 ஆம் எண் அளவில் இருக்கும். அதாவது கண்ணுக்குத் தெரியும் கடைசி நட்சத்திரத்தைவிட நூறு மடங்கு மங்கல். சூரியனுக்கு அருகில் வரும் சமயத்தில் எதிரமைவும் சேர்ந்து வாய்த்தால் 10ஐத் தாண்டிக் கொஞ்சம் பிரகாசமாகும். துறைமுக விளக்கு, ஆலை விளக்கு, தெருவிளக்கு எல்லாம் மேலே கொட்டும் வடசென்னையில் 6 ஆம் எண் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுவதே கற்பனை. 1861 இல் இந்த ஊர் இருட்டாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

பாதையைப் பிடிப்பது

இனிதான் உண்மையான வேலை. புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு தூரத்தில் என்று தெரியாது. ஓர் இரவின் அளவீடு நமக்குக் கொடுப்பது வானத்தை நோக்கிய ஒரு கோடு மட்டும்தான். அந்தக் கோட்டின் மேல் எங்கே வேண்டுமானாலும் அந்தக் கல் இருக்கலாம்.

சூரியனைச் சுற்றும் பொருளின் பாதை நீள்வட்டம் என்று கெப்ளர் சொல்லிவிட்டார். ஒரு நீள்வட்டப் பாதையையும் அதில் பொருள் இருக்கும் இடத்தையும் முழுதாகச் சொல்ல ஆறு எண்கள் போதும். நீள்வட்டம் எவ்வளவு பெரியது, எவ்வளவு நீண்டது, பூமியின் பாதைத் தளத்திலிருந்து எவ்வளவு சாய்ந்தது, அந்தச் சாய்வு எந்தப் பக்கம் பார்க்கிறது, நீள்வட்டத்தின் சூரியனை நெருங்கும் முனை எந்தத் திசையில் இருக்கிறது, குறிப்பிட்ட ஒரு நாளில் கல் பாதையில் எங்கே இருந்தது. ஆறு தெரியாத எண்கள். ஓர் அளவீடு இரண்டு எண்கள் தருகிறது, வானத்தில் அதன் இடத்தைக் குறிக்கும் இரண்டு கோணங்கள். அப்படியானால் எத்தனை அளவீடு வேண்டும்? மூன்று. பத்தாம் வகுப்பில் இரண்டு தெரியாத எண்ணுக்கு இரண்டு சமன்பாடு என்று படிக்கிறோமே, அதே நியாயம்தான். கணக்கு மட்டும் பயங்கரமாக இருக்கும், ஏனென்றால் அளக்கும் நாமே நகரும் பூமியின் மேல் நிற்கிறோம்.

இதைச் செய்துகாட்டியவர் ஜெர்மன் கணித மேதை காவுஸ், அப்போது அவருக்கு வயது 24. 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாசி என்பவர் முதல் சிறுகோளான சீரிஸைக் கண்டார். பிப்ரவரி 11 வரை, மொத்தம் 41 நாட்களுக்குள், முடிந்தபோதெல்லாம் அளந்தார். பிறகு அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அதற்குள் சீரிஸும் சூரியனின் வெளிச்சத்துக்குள் நுழைந்து மறைந்துவிட்டது. பல மாதம் கழித்து அது மறுபக்கம் வெளியே வரும்போது எங்கே தேடுவது? ஐரோப்பாவே கையைப் பிசைந்தது. காவுஸ் அந்தச் சில வார அளவுகளை வைத்துப் பாதையைக் கணக்கிட்டு, இங்கே பாருங்கள் என்றார். 1801 டிசம்பர் 31 அன்று வான் சாக் என்ற வானியலாளர் அவர் சொன்ன இடத்தை ஒட்டியே சீரிஸைக் கண்டார். அந்த இரவோடுதான் சீரிஸின் கண்டுபிடிப்பு முடிந்தது என்று சொல்வேன்.

அளவீட்டில் நேரமும் சேர்ந்தது. எங்கே இருந்தது என்பதோடு எப்போது இருந்தது என்பதும் துல்லியமாக வேண்டும். மதராஸ் வானாய்வகத்துக்கு அதில் குறை இல்லை, ஊருக்கே நேரம் காட்டியது அதுதான். 1856 இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தது, பின்னாளில் இந்திய ரயில்வேயில் பெரும்பகுதி ஓடியது மதராஸ் நேரப்படி. அந்த நேரம் நுங்கம்பாக்கத்தில் நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்தது.

இன்னொரு சிக்கலையும் யோசித்துப் பாருங்கள். 1861 இல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் தந்தி கிடையாது. கடிதம் கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்காகும். அதுவரை புள்ளியைக் கைவிடாமல் மதராஸில் இருப்பவர்களே பின்தொடர வேண்டும். இந்த வேலைகளில் போக்சனுக்குத் துணையாக இந்திய உதவியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867 இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைத் தாமே கண்டுபிடித்தவர். போக்சனின் மகள் ஐசிஸும் 1870களில் இங்கே உதவியாளராகச் சேர்ந்தார். தெருவுக்கும் பாலத்துக்கும் பெயர் வைக்கும் நாம் இவர்களை ஏனோ மறந்துவிட்டோம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஆறு எண்களில் முதலாவது, பாதையின் அளவு, தெரிந்துவிட்டால் ஒரு சுற்றுக்கு எத்தனை வருடம் என்பது கையோடு கிடைக்கும். கெப்ளரின் மூன்றாம் விதி: சராசரித் தூரத்தை வானியல் அலகில் எடுத்து மூன்று முறை பெருக்குங்கள், பிறகு வர்க்கமூலம் எடுங்கள். வருவது வருடக் கணக்கு.

ஆசியாவுக்கு 2.42 × 2.42 × 2.42 = 14.17. வர்க்கமூலம் 3.76. அதாவது ஒரு சுற்றுக்கு 3 வருடம் 9 மாதம். கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை நாற்பது தடவைக்கு மேல் சூரியனைச் சுற்றிவிட்டது.

பாதை வட்டமல்ல. சூரியனிலிருந்து 1.97 அலகு வரை நெருங்கி வந்து 2.87 அலகு வரை விலகிப் போகிறது. பூமியின் பாதைத் தளத்துக்கு சுமார் 6 பாகை சாய்ந்திருக்கிறது. எதிரமைவு எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்? பூமி ஒரு சுற்றை முடிக்கும்போது ஆசியாவும் கொஞ்சம் முன்னேறியிருக்கும், அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 497 நாள், 16 மாதம் வருகிறது.

மதராஸ் ஐந்தும் பட்டையின் இடைவெளிகளும்

சிறுகோள்களின் பாதை அளவுகளை வரிசையாக அடுக்கினால் சில இடங்கள் காலியாக இருப்பது தெரியும். டேனியல் கிர்க்வுட் என்ற அமெரிக்கர் 19 ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்தார். 2.50, 2.82, 3.27 அலகு தூரங்களில் கிட்டத்தட்ட யாருமில்லை. காரணம் வியாழன். 2.50இல் ஒரு கல் இருந்தால், வியாழன் ஒருமுறை சுற்றுவதற்குள் அது சரியாக மூன்று முறை சுற்றும். 3.27இல் இரண்டு முறை. எனவே வியாழனின் இழுப்பு திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் விழுந்து, பாதை கோணலாகி, காலப்போக்கில் கல் அங்கிருந்து தூக்கியெறியப்படும்.

ஆசியா 2.42இல், முதல் இடைவெளியின் ஓரத்துக்குச் சற்று உள்ளே பாதுகாப்பாக ஓடுகிறது. சப்போ இன்னும் உள்ளே. வேரா 3.1 அளவில். சில்வியாவும் கமிலாவும் கடைசி இடைவெளிக்கும் வெளியே, 3.48, 3.49 அலகு தூரங்களில். ஒரே வானாய்வகம் இப்படிப் பட்டையின் இரண்டு ஓரத்தையும் தொட்டிருக்கிறது, வெறும் தற்செயலாக.

இந்தக் கடைசி இரண்டைப் பற்றி ஆசியாவைவிட அதிகம் பேசலாம், எனக்கே சில்வியாமேல்தான் பிரியம் கூடுதல். 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரி அகலம், நீளவாக்கில் இழுத்த உருவம், ஐந்தேகால் மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும். 2001இல் அதற்கு ஒரு குட்டி நிலா இருப்பது தெரிந்தது. 2005இல் இரண்டாவது நிலாவும் அறிவிக்கப்பட்டது. ரோமுலஸ், ரீமஸ் என்று பெயர். இரண்டு நிலா கொண்டதாக முதலில் அறியப்பட்ட சிறுகோள் இதுதான். கமிலாவுக்கும் இரண்டு நிலாக்கள் இருப்பது தெரியவந்திருக்கிறது.

நிலா இருப்பதில் என்ன லாபம்? எடை போடலாம். நிலா எவ்வளவு தூரத்தில் எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்று தெரிந்தால், நடுவில் இருப்பதன் எடை கணக்கில் வந்துவிடும். எடையையும் கன அளவையும் வைத்துப் பார்த்தால் சில்வியாவின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே அதிகம். கெட்டிப் பாறை என்றால் அதைப்போல இரு மடங்காவது இருக்க வேண்டும். ஆக, பழைய மோதல் ஒன்றில் நொறுங்கி, ஈர்ப்பால் திரும்ப ஒன்றுசேர்ந்த, உள்ளே நிறைய வெற்றிடம் உள்ள இடிபாட்டுக் குவியல் அது. நுங்கம்பாக்கத்தில் புள்ளியாகத் தெரிந்ததன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய நூற்று நாற்பது வருடம் பிடித்தது. எல்லாம் பாதைக் கணக்குதான், நிலாவின் பாதை.

தொலைந்தவையும் இன்றைய முறையும்

சரி, பாதையைச் சரியாகப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும்? 878 மில்ட்ரெட் என்ற பட்டைச் சிறுகோளைக் கேளுங்கள். 1916இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் கண்டார்கள். கண்டவர்களில் ஒருவரான ஹார்லோ ஷாப்லியின் பெண் குழந்தையின் பெயரை அதற்கு வைத்தார்கள். எண்ணும் கொடுத்தாயிற்று. ஆனால் அளவீடுகள் குறைவு, பாதை தோராயம். சிறு பிழையும் ஒவ்வொரு சுற்றிலும் வளர்ந்துகொண்டே போகும். மறுபடி தேடியபோது ஆளைக் காணவில்லை. 1991இல்தான் மீண்டும் அடையாளம் கண்டார்கள். அதற்குள் அந்தக் குழந்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

அதனால்தான் இப்போது எண் கொடுப்பதில் கறார். முறை இப்படிப் போகிறது: தொலைநோக்கி வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் பல படங்கள் எடுக்கும், கணினி அவற்றில் நகரும் புள்ளிகளைத் தேடும். அளவுகள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சிறுகோள் மையத்துக்குப் போகும். அங்கே ஏற்கெனவே தெரிந்த பாதைகளோடு ஒப்பிட்டு, புதியது என்றால் தற்காலிகப் பெயர் ஒன்று தருவார்கள். பிறகு பல எதிரமைவுகளில் அதைத் திரும்பப் பார்த்து, பாதை உறுதியானபின்தான் நிரந்தர எண். அதற்கு அப்புறம்தான் பெயர்.

தற்காலிகப் பெயருக்கு நம் பக்கத்து உதாரணம் உண்டு. 1988 பிப்ரவரி 17 அன்று காவலூர் வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். வேராவுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள், நடுவில் நூறு வருடம் போய்விட்டது. அதன் தற்காலிகப் பெயர் 1988 டிக்யூ1. மாதத்தை இரண்டு பாதியாகப் பிரித்து ஆங்கில எழுத்துக்களை வரிசையாகக் கொடுப்பார்கள். ஜனவரிக்கு ஏ, பி, பிப்ரவரிக்கு சி, டி. எனவே டி என்றால் பிப்ரவரி இரண்டாம் பாதி. க்யூ1 அந்தப் பாதியில் எத்தனையாவது என்பதற்கான குறி. பாதை உறுதியானபின் அது 4130 ராமானுஜன் ஆனது. காவலூரும் ஒருவகையில் மதராஸ் வானாய்வகத்தின் வாரிசு. நுங்கம்பாக்கத்து வேலை 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது, அந்த நிறுவனத்தின் கிளைதான் காவலூர்.

வேகம் எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். சிலியில் உள்ள வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டபோது, ஏறக்குறைய பத்து மணி நேரப் படங்களில் அதுவரை யாரும் பார்க்காத 2,104 சிறுகோள்கள் இருந்தன. போக்சனுக்கு 24 வருடத்தில் கிடைத்தது ஐந்து. ஆனாலும் அந்த 2,104க்கும் அதே கதைதான். திரும்பத் திரும்பப் பார்த்து ஆறு எண்களும் உறுதியாகும் வரை அவை வரிசையில் காத்திருக்க வேண்டும்.

ஆசியா இன்று இரவு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுபவர்கள், நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் இலவசமாகத் தரும் ஹொரைசன்ஸ் சேவையில் 67 என்ற எண்ணையும், நம் இடமாக வடக்கு 13.1, கிழக்கு 80.3 என்றும் கொடுத்தால் போதும், திசையும் பொலிவு எண்ணும் வந்துவிடும். எதிரமைவை ஒட்டிய மாதமாக இருந்து, ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றும் கையில் இருந்தால், நகர வெளிச்சத்தை விட்டுப் பழவேற்காடு பக்கம் போய்விடுங்கள். இரண்டு இரவு அடுத்தடுத்து ஒரே பகுதியைத் தாளில் வரைந்து ஒப்பிடுங்கள். தொலைநோக்கி இல்லாதவர்கள் காகிதத்திலேயே ஆரம்பிக்கலாம்: சப்போவின் சராசரித் தூரம் 2.30, வேராவுடையது 3.10. கெப்ளர் விதியைப் போட்டால் மூன்றரை வருடமும் ஐந்தரை வருடமும் வர வேண்டும். வராவிட்டால் வர்க்கமூலத்தை இன்னொரு தடவை சரிபாருங்கள்.